தாத்தா முதல் பேத்தி வரை: குடும்ப வாட்டர் ஸ்கீ செட் விமர்சனம்

அமெரிக்காவில் எந்த ஏரிக்கரை கடைக்குப் போய் "குடும்பத்துக்கு வாட்டர் ஸ்கீ வேண்டும்" என்று கேட்டாலும், முதலில் எடுத்துக் காட்டுவது 68 அங்குல காம்போ ஜோடியைத்தான், அதாவது இரண்டாகவும் ஓட்டலாம், ஒன்றை மட்டும் வைத்தும் ஓட்டலாம் என்ற வகை. அது சரியான பொருள்தான். ஆனால் அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால், வீட்டில் இளவட்டங்கள் இரண்டு பேர் தண்ணீரில் இருப்பார்கள், மற்றவர்கள் படகில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த ஸ்கீ பெரிது. அறுபது தாண்டியவர் "எனக்கு இனிமேல் இதெல்லாம் எதற்கு" என்று ஒதுங்கிவிடுவார். இரண்டு பேரையும் தடுப்பது ஒரே இடம், தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கும் அந்த முதல் ஐந்து விநாடி. எழுந்துவிட்டால் பிறகு ஓடுவது அவ்வளவு கஷ்டமில்லை.

அதனால் இந்த விமர்சனத்தில் ஒவ்வொரு பொருளையும் ஒரே உரைகல்லில்தான் உரசிப் பார்க்கிறோம்: இது யாரைத் தண்ணீரிலிருந்து எழுப்பிவிடும்? காம்போ ஜோடி, குழந்தைகளுக்கான பயிற்சி ஸ்கீ, பூம் (படகின் பக்கவாட்டில் நீட்டும் பிடிகுழாய்), கயிறு, பெரியவர்களுக்கான அகல ஸ்லாலம் ஸ்கீ (இரண்டு காலும் ஒரே பலகையில் நிற்கும் ஒற்றை ஸ்கீ) ஆகியவைதான் செட். படகு ஏற்கெனவே இருக்கிறது, அல்லது நண்பரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இந்த விளையாட்டே ஒரு குடும்ப முயற்சியாகத் தொடங்கியதுதான். 1922 கோடையில் மினசோட்டா மாநிலம் லேக் சிட்டியில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையன் முதன்முதலாக எழுந்து நின்றபோது படகை ஓட்டியவர் அவருடைய அண்ணன் பென். பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார், பனிச்சறுக்கு ஸ்கீயைக் கட்டிப் பார்த்தார், எதுவும் சரிவரவில்லை. கடைசியில் 8 அடி நீளம், 9 அங்குல அகலத்தில் இரண்டு பைன் மரப் பலகைகளை வாங்கி, முனைகளைக் கொதிக்கும் நீரில் ஊறவைத்து மேல்நோக்கி வளைத்துக்கொண்டார். அந்தப் பலகைகளிலும் பலமுறை விழுந்தபின், ஜூலை 2 அன்று உடலைப் பின்னால் சாய்த்து, ஸ்கீ முனைகளைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு காத்திருந்தார். படகு இழுத்தது, எழுந்துவிட்டார். அகலமான பலகை, மேலே நிற்கும் முனை, அவசரப்படாத உடம்பு. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த மூன்றுக்கு மாற்று வரவில்லை. கடையில் விற்கும் எல்லாமே அந்த மூன்றைச் சுலபமாக்கும் உபாயங்கள்தான்.

காம்போ ஜோடி

ஓ'பிரையன், எச்.ஓ., கனெல்லி, ரேடார் போன்ற எல்லாப் பெரிய தயாரிப்பாளர்களிடமும் காம்போ உண்டு. பெரியவர்களுக்கு 67 அல்லது 68 அங்குலம். உடல் சிறுத்த பதின்ம வயதினருக்கு 59-லிருந்து 64 வரை. ஜோடியில் ஒரு ஸ்கீயில் மட்டும் முன்கால் பைண்டிங்குக்கு (காலை மாட்டும் ரப்பர் உறை) பின்னால் இன்னொரு கால்விரல் பட்டை இருக்கும். இரண்டு ஸ்கீயில் பழகிய பிறகு ஒன்றை உதறிவிட்டு ஒற்றை ஸ்கீயில் போக அதுதான் வழி. ஸ்கீயைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். நீளவாக்கில் குழிவு ஓடியிருந்தால் நேராகப் போகும், கால்கள் அலைபாய்வது குறையும். தொடக்கக்காரர்களுக்கு இந்தக் குழிவும், அகலமான வால்பகுதியும் இருப்பதே நல்லது. ஒல்லியாக, அழகாக, போட்டி ஸ்கீ மாதிரித் தெரியும் காம்போவை வாங்காதீர்கள். அகலம் குறையக் குறைய எழுந்து நிற்க அதிக வேகம் தேவைப்படும், வேகம் கூடினால் முதல் இழுப்பு கையையும் தோளையும் பதம் பார்த்துவிடும்.

ஆனால் ஒரே ஜோடி மூன்று தலைமுறைக்கு உதவுமா என்பதைத் தீர்மானிப்பது பலகை இல்லை, பைண்டிங்தான். அளவு மாற்றக்கூடிய பைண்டிங் இருந்தால் அம்மாவின் காலுக்கும் மகனின் காலுக்கும் தாத்தாவின் காலுக்கும் அதே ஸ்கீ பொருந்தும். குதிகால் ரப்பர் ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும், ஒரு பூட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பூட்டைத்தான் கடையில் கவனமாகப் பார்க்க வேண்டும். பூட்டை விடுவித்து, நகர்த்தி, மறுபடி பூட்டி, கையால் பலமாகப் பின்னுக்கு இழுங்கள். ஒரு பல் அளவு நழுவினாலும் அந்த ஜோடியை வைத்துவிட்டு வேறு எடுங்கள். மணல் கரையிலிருந்து ஸ்கீ செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: மணல் பூட்டின் பற்களுக்குள் புகுந்தால் பூட்டியது போலத் தெரியும், ஆனால் முழுதாகப் பிடித்திருக்காது. படகில் ஏற்றும் முன் ஒரு வாளித் தண்ணீரில் அலசினால் போதும்.

இறுக்கம் எவ்வளவு? கால் ஆடக் கூடாது, ஆனால் விழும்போது கழன்று வர வேண்டும். படகின் பின்மேடையில் உட்கார்ந்து பைண்டிங்கை மாட்டி, காலைத் திருகி மேல்நோக்கி இழுத்தால் கொஞ்சம் சிரமப்பட்டு வெளியே வந்தால் அதுதான் சரியான அளவு. வரவே மாட்டேன் என்றால் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஆபத்து. சுலபமாக வந்தால் எழும்போதே ஸ்கீ காலை விட்டுப் போய்விடும்.

மாட்டும் முறையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பைண்டிங்குகள் தேய்ந்து சாவதில்லை, இழுத்துக் கிழிக்கப்படுகின்றன. காலையும் ரப்பரையும் நன்றாக நனைக்கவும். முன்பாதத்தை முழுதாக உள்ளே தள்ளவும். குதிகால் ரப்பரை வெளிப்பக்கமாக மடித்து, குதிகாலை இறக்கி, பிறகு ரப்பரை உருட்டி மேலே விடவும். ரப்பரின் மேல் விளிம்பை இரண்டு விரலால் கொக்கி போட்டு இழுப்பவர்கள்தான் அதிகம், கிழிசல் தொடங்குவதும் அந்த விளிம்பில்தான். வழுக்கலுக்குக் கடையில் தனி பைண்டிங் திரவம் கிடைக்கும். ஏரியில் இயற்கையாக மக்கும் சோப்பை நீர்த்துப் பயன்படுத்துபவர்களும் உண்டு. வெறும் தண்ணீரே பெரும்பாலும் போதும்.

குழந்தைகளுக்கான பயிற்சி ஸ்கீ

இந்தச் செட்டில் போட்ட காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். நீளம் சுமார் 46 அங்குலம். இரண்டு ஸ்கீயையும் இணைக்கும் ஒரு குறுக்குச் சட்டமோ கயிறோ இருக்கும். பெரியவர்களே கால்கள் அகன்று விரிவதைத் தடுக்கத் திணறுவார்கள். இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொடைத் தசையில் அந்த பலமே கிடையாது, அந்த வேலையைச் சட்டம் செய்துவிடுகிறது. இன்னொரு நல்ல ஏற்பாடு: இழுவைக் கயிறு குழந்தையின் கையில் மட்டுமில்லாமல் ஸ்கீ முனைகளிலும் பிணைக்கப்பட்டிருக்கும். படகின் இழுவிசை ஸ்கீயில் விழுவதால் குழந்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், கைவலி இல்லை, முகம் குப்புற விழுவதும் குறைவு.

இதில் ஒரே ஒரு விதி தப்பவே கூடாது. கயிறு ஸ்கீயில் பிணைந்திருக்கும்போது குழந்தை கைப்பிடியை விட்டாலும் இழுப்பு நிற்காது. ஆகவே கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டவே கூடாது. ஒரு பெரியவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து அதைக் கையில் பிடித்திருக்க வேண்டும், குழந்தை தடுமாறிய கணமே விட்டுவிட வேண்டும். கையில் சுற்றிக்கொள்வதும் கூடாது. பெட்டியில் வரும் குறிப்பேட்டில் இது அச்சாகியிருக்கும், பலர் படிப்பதில்லை.

படகில் இழுக்கும் முன் புல்தரையில் பழக்குங்கள். பயிற்சி ஸ்கீயை மாட்டி, முழங்காலை மார்போடு சேர்த்து உட்காரவைத்து, கயிற்றை மெதுவாக இழுத்து எழுப்புங்கள். "படகு உன்னைத் தூக்கும், நீ எழுந்திருக்காதே" என்பது குழந்தையின் உடம்பில் பதிய வேண்டும். அடுத்தது முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு பெரியவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையோரமாக நடப்பது, ஓடுவது. அதில் சிரித்தபடி நின்றால்தான் படகு. வேகம் மணிக்கு 10 முதல் 12 மைல் போதும். 15-ஐத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு முழுச் சுற்று தடுமாறாமல் வந்தபின் ஸ்கீ முனையிலிருக்கும் இழுவையைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியை மட்டும் கொடுங்கள். அதிலும் தேறியதும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றுங்கள். இங்கேதான் பெற்றோர் தவறுகிறார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று கோடை முழுக்கச் சட்டத்தை விட்டுவைத்தால், ஸ்கீயின் ஓரத்தைச் சாய்த்துத் திரும்புவதைக் குழந்தை கற்கவே கற்காது. சட்டம் இருக்கும்வரை இரண்டு ஸ்கீயும் தட்டையாகத்தான் போகும்.

இன்னொன்று குளிர். வடக்கு ஏரிகளில் ஜூனில்கூடத் தண்ணீர் சில்லென்றிருக்கும். உதடு நடுங்கத் தொடங்கினால் வெளியே எடுத்துத் துவட்டிவிடுங்கள், அன்றைக்கு அது போதும். குழந்தை அளவுக்கு ஒரு வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) வாங்கினால் தண்ணீரில் இருக்கும் நேரம் நிச்சயம் கூடும். அழும் குழந்தையை "இன்னும் ஒரே தடவை" என்று இறக்கிவிட்டால் அடுத்த இரண்டு கோடைக்கு ஸ்கீ பக்கமே வராது.

பூம்

விலை கூடியது, பார்க்க அழகில்லாதது, எங்கள் மதிப்பீட்டில் முதலிடம் பெறுவது. படகின் நடுத்தூணில் பொருத்தி, பக்கவாட்டில் தண்ணீருக்கு மேலே நீட்டும் ஓர் உலோகக் குழாய். முன்மூக்கிலிருந்து ஒரு கம்பி அதை இழுத்துப் பிடித்திருக்கும். ஸ்கீ செய்பவர் படகுக்குப் பின்னால் இல்லாமல் பக்கத்தில், ஓட்டுபவரின் கண்ணெதிரே இருப்பார். முதலில் குழாயையே பிடித்துக்கொள்ளலாம், பிறகு குழாயில் மாட்டிய ஐந்தாறு அடிக் கயிறு.

ஏன் இது இவ்வளவு உதவுகிறது? பிடி உயரத்தில் இருப்பதால் இழுப்பு மேல்நோக்கி வருகிறது, உடம்பு தானாக எழும்புகிறது. படகின் அலை அங்கே இல்லை. முகத்தில் தண்ணீர் அடிப்பது மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, "முழங்காலை மடி, தலையை நிமிர்த்து" என்று சொன்னால் காதில் விழும். 60 அடிக் கயிற்றின் கடைசியில் இருப்பவருக்கு நீங்கள் கத்துவது கேட்காது. பயந்த குழந்தைக்குப் பக்கத்திலேயே அப்பாவோ பாட்டியோ இன்னொரு ஜோடியில் பூமைப் பிடித்து வரலாம். ஒரே குழாயில் இரண்டு தலைமுறை.

கட்டுப்பாடுகளும் உண்டு. நடுவில் இழுவைத்தூண் உள்ள இன்போர்டு ஸ்கீ படகுக்கென்றே செய்யப்பட்ட பொருள் இது. அவற்றில் புரொப்பெல்லர் படகின் அடியில் இருக்கும். பின்னால் திறந்த புரொப்பெல்லர் தொங்கும் அவுட்போர்டு, ஸ்டெர்ன்-டிரைவ் படகுகளில் இதை ஒட்டுப்போட்டு மாட்டாதீர்கள், விழுபவர் அந்தப் பக்கம் அடித்துச் செல்லப்படலாம். குழாயில் எழுதியிருக்கும் எடை வரம்பை மதியுங்கள். கனமான இரண்டு பேர் வெளிமுனையில் தொங்கினால் படகு சாயும், பிடிகள் தளரும். பூமில் ஆள் இருக்கும்போது படகு அந்தப் பக்கமே திரும்பப் பார்க்கும், ஓட்டுபவர் எதிர்ப்பக்கம் சற்றுத் திருப்பிப் பிடிக்க வேண்டும், பயணிகளையும் எதிர்ப்பக்கம் உட்காரவைக்க வேண்டும். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் மூக்குக் கம்பி விறைப்பாக இருக்கிறதா என்று கையால் தட்டிப் பாருங்கள். தொங்கலாக இருந்தால் குழாய் பின்னால் நகர்ந்து படகின் பக்கச்சுவரைச் சிராய்க்கும்.

கயிறு

மலிவான பொருள், அலட்சியமாக வாங்கப்படும் பொருளும் இதுதான். வழக்கமான ஸ்கீ கயிறு கைப்பிடியோடு சேர்த்து 75 அடி. அதிலேயே நிறம்நிறமாகப் பிரிவுகள் இருக்கும் கயிறாகப் பார்த்து வாங்குங்கள். முதல் 15 அடியைக் கழித்தால் 60 அடி. குடும்பத்தில் எல்லோருக்கும் நாங்கள் பரிந்துரைப்பது இந்த 60 அடிதான். நீளம் குறைந்தால் இழுப்பு சற்று மேல்நோக்கி வரும், படகின் அலையும் ஸ்கீ செய்பவர் இருக்கும் இடத்தில் குறுகலாக இருக்கும்.

டியூப் (காற்றடைத்த மிதவை) இழுக்கும் தடித்த கயிற்றை ஸ்கீக்குப் பயன்படுத்தாதீர்கள். அது வேறு வேலைக்கானது, கைப்பிடியும் பொருந்தாது. வேக்போர்டுக்கென (பக்கவாட்டில் நின்று ஓடும் ஒற்றை அகலப் பலகை) வரும் நீளவே நீளாத கயிறும் வேண்டாம். ஸ்கீ கயிற்றில் இருக்கும் அந்தச் சிறிய நெகிழ்வுதான் முதல் இழுப்பின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது, வயதானவர்களின் தோளுக்கும் முதுகுக்கும் அது பெரிய தயவு. கைப்பிடியின் பருமனையும் பாருங்கள். சிறிய கைகளுக்குத் தடித்த கைப்பிடி கொடுத்தால் முன்கைத் தசை சீக்கிரம் சோர்ந்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கைவிட்டுப் போகும். ஒற்றை ஸ்கீயில் ஆழத்திலிருந்து எழப் பழகுபவர்களுக்கு நீண்ட முக்கோண வடிவக் கைப்பிடி கிடைக்கிறது. ஸ்கீயின் மூக்கை அந்த முக்கோணத்துக்குள் வைத்துக்கொண்டால் அது இடமும் வலமும் சாயாது. பயனுள்ள பொருள்.

எழுந்திருப்பதும் ஓட்டுபவரும்

எவ்வளவு நல்ல பொருள் வாங்கினாலும் பாதி வேலை படகு ஓட்டுபவர் கையில்தான். தண்ணீரில் இருப்பவர் பந்துபோலச் சுருண்டு, முழங்கால் மார்பில், கைகள் நீட்டி, ஸ்கீ முனைகள் தண்ணீருக்கு வெளியே, கயிறு இரண்டு ஸ்கீக்கும் நடுவே. படகு மெல்ல நகர்ந்து கயிறு விறைத்த பிறகுதான் புறப்பட வேண்டும். தொங்கும் கயிற்றோடு வேகம் கொடுத்தால் ஒரே உதறலில் கைப்பிடி பறந்துவிடும். வேகத்தைப் பிசிறில்லாமல், தொடர்ச்சியாக ஏற்றுங்கள். இரண்டு ஸ்கீயில் சராசரி எடையுள்ள பெரியவருக்கு மணிக்கு 20 மைல் சுற்றுவட்டாரம் போதும். கனமானவருக்கு 25 வரை போகலாம்.

முன்பக்கம் கவிழ்ந்தால், ஸ்கீ தண்ணீர்மட்டத்துக்கு வருமுன் எழ முயன்றிருக்கிறார். பின்பக்கம் மல்லாந்தால் கைகளை மடக்கிக் கயிற்றைத் தன்பக்கம் இழுத்திருக்கிறார். முகத்தில் தண்ணீர் கொட்டி எதுவும் தெரியவில்லை என்றால் கால்களை நீட்டி ஸ்கீயை எதிர்த்து மிதித்திருக்கிறார், அல்லது படகு மிக மெதுவாகக் கிளம்பியிருக்கிறது. எந்தத் தப்பு என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அப்சர்வர் இருக்கை சும்மா இல்லை. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் 12 வயதுக்குக் குறையாத ஓர் அப்சர்வர் படகில் இருப்பது சட்டப்படியே கட்டாயம்.

சைகைகளை எல்லோரும் கரையிலேயே கற்றுக்கொள்ளட்டும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, தலையில் தட்டினால் கரைக்குத் திரும்பு. விழுந்தபின் இரண்டு கையையும் தலைக்கு மேலே கோத்துக் காட்டினால் நலம் என்று பொருள். காட்டவில்லை என்றால் உடனே திரும்புங்கள். ஆளை ஏற்றும்போது எஞ்சினை நியூட்ரலில் வைத்தால் போதாது, நிறுத்திவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பின்மேடையில் பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருப்பதும் கூடாது. அங்கே தேங்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

பெரியவர்களுக்கு

அறுபது தாண்டியவர் பலவருட இடைவெளிக்குப் பிறகு வந்தால், இளமையில் ஒற்றை ஸ்கீயில் எழுந்த ஞாபகத்தில் நேராக அதற்கே போவார். தடுத்துவிடுங்கள். வாட்டர் ஸ்கீயில் மருத்துவர்கள் நன்கு அறிந்த மோசமான காயம் பின்தொடைத் தசை எலும்பிலிருந்து பிய்வது. நடப்பது பெரும்பாலும் எழும் நேரத்தில்தான்: முழங்கால் நீண்டிருக்க, இடுப்பு மடிந்திருக்க, படகு உடம்பை முன்னால் இழுக்கும். முழங்காலை மடித்தே வைத்திருப்பது, அகலமான இரண்டு ஸ்கீயில் எழுவது, பூமில் தொடங்குவது, ஓட்டுபவர் நிதானமாக வேகம் ஏற்றுவது என எல்லாமே அந்தத் தசையைக் காப்பவை. தண்ணீரில் இறங்கும் முன் பத்து நிமிடம் கால்களை உதறி, உட்கார்ந்து எழுந்து சூடேற்றிக்கொள்வதும் அவசியம். எழும் முயற்சி தவறுவதுபோலத் தோன்றினால் கைப்பிடியை விட்டுவிட வேண்டும். பிடிவாதமாகத் தொங்குபவர்களுக்குத்தான் தசை கிழிகிறது.

இரண்டு ஸ்கீயில் நம்பிக்கை வந்தபின் ஒற்றை ஸ்கீ ஆசை இருந்தால், அகல உடல் ஸ்லாலம் ஸ்கீ வாங்கித் தாருங்கள். பல தயாரிப்பாளர்களிடம் இப்போது இந்த வகை இருக்கிறது. பரப்பு அதிகமாதலால் குறைந்த வேகத்திலேயே மிதந்து எழும், குறைந்த வேகத்திலேயே திரும்பும். போட்டி ஸ்கீ கேட்கும் வேகத்தைவிட நான்கைந்து மைல் குறைவாக ஓடினாலும் சுகமாக இருக்கும், விழுந்தாலும் அடி குறைவு. ஸ்கீயை விட்டுவிடலாம் என்று நினைத்த பலரைத் திரும்பத் தண்ணீருக்குக் கொண்டுவந்த பொருள் இது. செட்டில் கடைசியாக வாங்க வேண்டியதும் இதுதான், அதுவரை காம்போ போதும்.

வயதைக் காரணம் சொல்லி ஒதுங்குபவர்களுக்குச் சொல்ல ஒரு பெயர் உண்டு. "பனானா ஜார்ஜ்" என்று அழைக்கப்பட்ட ஜார்ஜ் பிளேர் நாற்பது வயதில்தான் ஸ்கீ கற்றார். 46-இல் வெறுங்காலில் ஓடக் கற்று, தொண்ணூறை எட்டும் வயதிலும் ஃபுளோரிடாவில் மஞ்சள் உடையில் ஓடிக்கொண்டிருந்தார். அமெரிக்கப் போட்டிகளிலேயே 9 வயதும் அதற்குக் கீழும் என்ற பிரிவில் தொடங்கி 85-ஐத் தாண்டியவர்களுக்கும் தனிப்பிரிவு உண்டு. ஆண்களுக்கான ஸ்லாலம் (மிதவைகளைச் சுற்றி வளைந்து ஓடும் போட்டி) உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர் என்றாலும் 35 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் அது 55 ஆகக் குறைகிறது. வயதுக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கலாம் என்று விதிப்புத்தகமே இடம் கொடுக்கிறது.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிச் சுருக்கமாக: அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கீகாரம் உள்ளதாக இருக்க வேண்டும், அளவு எடைப்படி. 30 முதல் 50 பவுண்டு குழந்தை அளவு, 50 முதல் 90 சிறுவர் அளவு. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரிதாக வாங்கும் வழக்கம் இதில் மட்டும் கூடாது. தோள்பட்டைகளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், முகவாயைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது. பெண்களும் சரி ஆண்களும் சரி, நீச்சலுடைக்கு மேல் ஒரு நியோபிரீன் (வெட்சூட்டுக்குப் பயன்படும் தடித்த ரப்பர்) ஷார்ட்ஸ் அணிவது நல்லது. வேகமாகப் பின்பக்கம் விழும்போது தண்ணீர் உடலுக்குள் அழுத்தத்தோடு புகுந்து உட்காயம் ஏற்படலாம். கூச்சத்தால் கடைகளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

விலையும் பழையதும்

புதிய காம்போ ஜோடி சுமார் 250 முதல் 350 டாலர். பயிற்சி ஸ்கீ 150-இலிருந்து 200. நல்ல கயிறும் கைப்பிடியும் நூறுக்குள் முடியும். பூம் மட்டும் சில நூறு டாலர் கேட்கும். பட்ஜெட் இடித்தால் பயிற்சி ஸ்கீயும் கயிறும் முதலில், காம்போவைப் பழையதாக, பூமை இரண்டு குடும்பம் சேர்ந்து வாங்கலாம். அகல ஸ்லாலம் காத்திருக்கட்டும்.

பழைய ஜோடி வாங்கும்போது பலகையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், காம்போ பலகைகள் நீடித்து உழைப்பவை. விரல் கணுவால் முனையிலிருந்து வால்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் பொள்ளலாக மாறினால் உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கிறது, வேண்டாம். அடியிலுள்ள ஃபின்னை (துடுப்பு போன்ற சிறு தகடு) ஆட்டிப் பாருங்கள். பைண்டிங் ரப்பரை மடக்கிப் பாருங்கள், மடிப்பில் பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தால் வெயிலில் கிடந்து காய்ந்தது, முதல் நாளே கிழியும். பைண்டிங்கை மட்டும் மாற்றலாம், ஆனால் திருகுத் துளைகளின் இடைவெளி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஸ்கீயைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உங்கள் ரப்பர் நீடிக்க வேண்டுமானால் ஸ்கீயைப் படகிலேயே வெயிலில் போட்டுவிடாமல் நிழலில் உலரவைத்து எடுத்துவையுங்கள். பருவத்தின் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை எல்லாத் திருகுகளையும் கையால் இறுக்கிவிடுங்கள். மின் திருகுளி வேண்டாம், உள்ளிருக்கும் மரை கழன்றுவிட்டால் திரும்பப் பிடிக்காது.